புதுப்பிப்பு: பெங்களூரில் ஐ.சி.யு. செவிலியர் வேலை, லிங்க்ட்இன் வழியாகவே கிடைத்தது

மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: மதுரையில் 6 ஆண்டு ஐ.சி.யு. அனுபவம், திருமணமாகி பெங்களூர் அல்சூருக்கு வந்தாயிற்று, வேலை தேட உதவும் லிங்க்ட்இன் தளத்தில் 40 விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை, என்ன செய்யலாம் என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை பணியில் சேர்கிறேன்.

கைகொடுத்தது, லிங்க்ட்இன்னில் நான் படித்த கல்லூரிக்கு உள்ள பக்கத்தில் முன்னாள் மாணவர் பகுதியைத் திறந்து பெங்களூரில் இருப்பவர்களை மட்டும் தேடச் சொன்ன அக்காவின் யோசனை. பதினொரு பேர் இருந்தார்கள். வேலை கேட்கவில்லை, "உங்கள் ஐ.சி.யு.வில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?" என்று நான்கு பேருக்கு எழுதினேன். இருவர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர். நேராகத் தம் நர்சிங் சூப்பரின்டென்டென்டிடமே சொல்லிவிட்டார். லிங்க்ட்இன்னில் என் பெயருக்குக் கீழே 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மொட்டையாக இருந்ததை, 'வென்டிலேட்டர், டயாலிசிஸ்' என்று விரித்து எழுதியதும் உதவியிருக்கலாம்.

எதிர்பாராதது இதுதான்: நேர்காணலில் முதல் கேள்வியே கர்நாடகச் செவிலியர் கவுன்சில் பதிவு பற்றி. தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் போதவில்லை. அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே பதிய வேண்டியிருந்தது. ஊரை விட்டுக் கிளம்பும்போதே விண்ணப்பித்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

நடுவில், வேலை உறுதி, 'பதிவுக் கட்டணம்' ரூ. 4,500 அனுப்புங்கள் என்று ஒரு செய்தியும் வந்தது. பெரிய மருத்துவமனையின் முத்திரை, கீழே ஜிமெயில் முகவரி! அனுப்பவில்லை.