வெளிநாட்டில் ஊழியம் செய்யும் இளைஞரின் ஒரு வாரம் எப்படி இருக்கும்?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
என் அக்கா மகன், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் சார்பில் 2 ஆண்டு ஊழியத்துக்காகப் பிலிப்பைன்ஸ் செல்கிறான். வீட்டைப் பிரிந்தே இராத பிள்ளை என்பதால், அங்கே அவனுடைய நாட்கள் எப்படிக் கழியும், அக்கா அவனோடு பேச முடியுமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் ஆறுதலாக இருக்கும்.

பதில் (கடலூர்):
ஐயா, என் மகனும் அதே ஊழியத்தை முடித்துத் திரும்பியவன். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, ஆயத்த நாள். துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, முடிவெட்டிக்கொள்வது எல்லாம் அன்றுதான். முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரோடு பேசலாம் என்றிருந்த விதியைத் தளர்த்தி, 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேச அனுமதித்துவிட்டார்கள். ஆகவே அக்கா கலங்க வேண்டாம். என் மகன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே பேசுவான். அவன் அம்மா, சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் கேட்பாள்.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
மற்ற நாட்களில் காலையில் வேத வாசிப்பும் மொழிப் பயிற்சியும், பிறகு இரவு வரை வீடு வீடாகச் சந்திப்புகளும் இருக்கும். எப்போதும் ஒரு துணை ஊழியர் உடனிருப்பார் என்பதால் தனிமை குறித்து நான் அஞ்சமாட்டேன். நிறைய நடக்க வேண்டியிருக்கும், மழையும் அதிகம். உறுதியான காலணியைக் கட்டாயம் வாங்கிக்கொடுங்கள். அரிசிச் சோறு அங்கும் அன்றாட உணவுதான்.