திருப்பூர் பனியன் கம்பெனி பி.எஃப்., இ.எஸ்.ஐ.: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கைமடி:
செக்கிங் டேபிள் அக்கா ஒருத்தருக்குப் பேறுகாலப் பணம் இல்லைன்னுட்டாங்க. ஒரே கட்டடம், ஒரே டேபிள், நடுவுல காண்ட்ராக்டர் மட்டும் மாறினார். இ.எஸ்.ஐ. கவுன்டர்ல இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: சந்தா கட்டின நாள் 52. வேண்டியது 70. பழைய காண்ட்ராக்டர் போட்ட வேற இன்சூரன்ஸ் நம்பர்ல, அதே வருஷக் கணக்குல 41 நாள் தனியாக் கிடக்குது. சேர்த்தா 93. இணைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாச்சு. 26 வாரச் சம்பளம் அதுவரைக்கும் நிக்குது. வருஷம் பூரா வேலை செஞ்சவருக்கு 93 நாள்தான் எழுதியிருக்காங்கங்கறது அதைவிடக் கொடுமை.

பேட்லாக் மாஸ்டர்:
காண்ட்ராக்டர் தலையில மட்டும் போட்டா எப்படிங்க? சட்டப்படி முதல்ல கட்ட வேண்டியது கம்பெனி. அப்புறம் காண்ட்ராக்டர் பில்லுல கழிச்சுக்கலாம். பையர் அனுப்பற ஆடிட்டர் சலான் மொத்தத்தைப் பார்த்து டிக் போட்டுட்டுப் போயிடறார். அவர் கேட்க வேண்டியது பி.எஃப். இ.சி.ஆர். ஃபைல், அதாவது கம்பெனி மாசா மாசம் பி.எஃப்.க்கு அனுப்பற கணக்கு. அதுல ஆளுக்கு ஒரு வரி, #~# குறி போட்டுப் பிரிச்சிருக்கும். கடைசிக்கு முந்தின எண் சம்பளமில்லா நாள். தைச்ச பீஸ் கணக்கு எழுதற பண்டல் நோட்டுல 26 நாளும் பீஸ் தைச்ச டெய்லருக்கு அங்க 15-னு இருந்தா, நோட்டையும் ஃபைலையும் பக்கத்துல வெச்சாலே போதும், விஷயம் வெளிய வந்துடும்.

ஓவர்லாக் 3 நூல்:
மாஸ்டர், பாதிதான் சொன்னீங்க. சம்பளத்துல பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காதீங்கன்னு டெய்லர்களே கேட்கறாங்களே? 12,000 ரூபா சம்பளத்துல பி.எஃப். 12% 1,440, இ.எஸ்.ஐ. 0.75% 90. சனிக்கிழமை சம்பளத்துல குடும்பம் நடத்தறவங்களுக்கு மாசம் 1,530 பெரிய காசு. அந்தக் காசு திரும்ப வராதுன்னு அவங்க நம்பறதுக்குக் காரணம் இருக்கு. கம்பெனி விலகின தேதி போடாது, ஆதார்ல ஒரு பேரு, பி.எஃப்.ல ஒரு பேரு.

அதனால சேர்ற அன்னிக்கே பழைய யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) கொடுங்க, புதுசு போட விடாதீங்க. பேரும் பிறந்த தேதியும் ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும், இனிஷியல் எங்க இருக்குன்றது உட்பட. விலகின தேதி போடலைன்னா, கடைசிச் சந்தாவுக்கு 2 மாசம் கழிச்சு நீங்களே பி.எஃப். தளத்துல 'மார்க் எக்ஸிட்' போடலாம், ஆதார்ல இணைச்ச போன் கையில இருந்தாப் போதும். கம்பெனி மாறும்போது பணத்தை எடுக்காம மாத்திக்கங்க. முதலாளி பங்குல 8.33% பென்ஷனுக்குப் போகுது. 10 வருஷ சர்வீஸ் சேர்ந்தாத்தான் 58 வயசுல மாசப் பென்ஷன். பென்ஷன் பணத்தை நடுவுல எடுத்தா அந்த சர்வீஸ் அத்தோட போச்சு.

இ.எஸ்.ஐ.ல சேர மாசச் சம்பள வரம்பு 21,000 ரூபா. அதுல ஓவர்டைம் காசைச் சேர்த்துக் காட்டி ஆளைக் கழிச்சு விடறாங்க, அது தப்பு. வரம்புக் கணக்குல ஓவர்டைம் வராது.

அயர்ன் டேபிள்:
2025 ஆகஸ்ட் 27-ல அமெரிக்கா 50% வரி போட்டப்போ நின்ன ஆர்டர் எத்தனை! அப்போ வேலை போனவங்களுக்கு இ.எஸ்.ஐ.ல அடல் பீமித் திட்டம் இருந்துச்சு: தினச் சராசரிச் சம்பளத்துல பாதி, 90 நாள் வரைக்கும். ஆனா அதுக்கும் 2 வருஷ வேலை வேணும், முந்தின அரை வருஷக் கணக்குல 78 நாள் சந்தா வேணும்னு இருந்துச்சு. கைமடி சொன்ன அக்காவுக்கு ரெண்டு நம்பரையும் சேர்த்தாக்கூட வருஷத்துக்கே 93 நாள்தான். நம்பரை இணைச்சதோட விட்டுடாதீங்க, பண்டல் நோட்டை வெச்சு நாள் கணக்கையும் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்க.