வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைத் தத்தெடுப்பது

கேள்வி:
தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளைகளை வேறொரு குடும்பம் சில காலம் வளர்க்கும் ஏற்பாடு) இருக்கும் 8 வயதுச் சிறுமியையும் அவள் தம்பியையும் தத்தெடுக்க விரும்புகிறோம். முதலில் எதற்குத் தயாராக வேண்டும்?

மறுமொழி 1:
காத்திருப்பதற்கு. பெற்றோரிடமே பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பதுதான் பொதுவாக இந்த ஏற்பாட்டின் முதல் நோக்கம் என்பதால், அதற்கு வழியில்லை என்று முடிவான பின்னரே தத்தெடுப்புப் பேச்சு எழும்.

மறுமொழி 2:
எங்கள் மகன் வந்த புதிதில் தலையணைக்கு அடியில் உணவை ஒளித்துவைப்பான். திருட்டு என்று கண்டித்தோம். அது எங்கள் தவறு. பசியை அறிந்த பிள்ளைக்கு அடுத்த வேளை உணவு நிச்சயம் என்ற நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதைப் பின்னர் உணர்ந்து, கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஒரு டப்பாவில் தின்பண்டம் வைத்தோம்.

மறுமொழி 3:
தம்பிக்கு அக்காவே தாயாக இருந்து பழகியிருக்கக்கூடும். அந்தப் பொறுப்பை அவளிடமிருந்து சட்டென்று பிடுங்கிவிடாதீர்கள்.