யூ மர நீள்வில்லின் வயிற்றுப் பக்கத்தில் சுருக்கக் கோடுகள்: யாராவது வழி சொல்லுங்கள்

நான் இருப்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். போன குளிர்காலத்திலிருந்து ஆங்கிலேய நீள்வில் ஒன்றைச் செதுக்கி வருகிறேன். இப்போது மேற்கொண்டு சீவத் தயக்கமாக இருக்கிறது.

கட்டை நன்றாக உலர்ந்த யூ மரம், நீளம் ஆறரை அடி. முதுகில் (எய்பவருக்கு எதிர்ப்புறம்) வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம், 6 மில்லிமீட்டர், ஒரே ஆண்டு வளையத்தை ஒட்டி இறக்கியது. வயிற்றுப் பக்கம் (எய்பவரை நோக்கிய பக்கம்) முழுக்க வைரம், அதாவது கெட்டியான உள்மரம், வெட்டுமுகம் 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் கிடைத்த விற்களைப் போல உருண்டது. இலக்கு 28 அங்குல இழுப்பில் 60 பவுண்டு இழுவிசை.

இப்போது 22 அங்குலத்தில் 50 பவுண்டு காட்டுகிறது. கீழ்க்கை (பிடிக்குக் கீழுள்ள பாதி) சீராக வளைகிறது. மேல்கையிலோ பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு சின்னக் கணு இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் வில் கீல் போல மடங்குகிறது. அந்த இடத்தில்தான் வயிற்றுப் பக்கத்தில் குறுக்காக மயிரிழைச் சுருக்கக் கோடுகள் (அழுத்தத்தில் மரநார் நசுங்கிய தடங்கள்) விழுந்திருக்கின்றன. முதுகில் விரிசல் எதுவும் இல்லை.

கோட்டைப் பார்த்ததுமே அங்கே சுரண்டுவதை நிறுத்திவிட்டு, அதன் இருபுறமும் மரத்தைக் குறைத்தேன். மடிப்பு கொஞ்சம் பரவியது, ஆனால் கோடுகள் கூடுகின்றன. அப்புறம் நாணை இறக்கிச் சில வாரம் ஓய்வு கொடுத்தும் பார்த்தேன், பயனில்லை. இவ்வளவு நெருக்கமான வளையங்கள் கொண்ட யூ கட்டை எளிதில் கிடைப்பதில்லை, இதை விட மனம் வரவில்லை.

இழுவிசையை 45 பவுண்டுக்கு இறக்கி இதைக் காப்பாற்றுவதா, இல்லை கோடு விழுந்த பகுதியைக் குடைந்தெடுத்து யூ வைரத்துண்டு ஒட்டுவதா, எது நிலைக்கும்?