ஹெரால்டு முன்பக்க சாமான்: இங்கிலாந்துல இருந்து வரவழைக்கறதா, கோயமுத்தூர்லயே பாக்கறதா?

திருப்பூர்_ஹெரால்டு:
வணக்கமுங்க. என்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்ல முன்பக்க ட்ரனியன் (சக்கரம் திரும்பறதுக்கு அடியில இருக்கற மரை போட்ட மூட்டு) ரெண்டும் ஆடுது. பிரேக் வீல் சிலிண்டருக்குள்ள இருக்கற ரப்பர் கப்பு, சைலன்சரும் மாத்தோணும். எல்லாத்தையும் ஒரே பார்சலா இங்கிலாந்துல இருந்து எடுத்தரலாமுங்களா?

லேத்து_கணபதி:
சைலன்சரை அதுல சேக்காதீங்க. கூரியர்ல நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. அது நிஜ எடையைத் தாண்டுனா அதுக்குத்தான் காசு. 120×30×25 பெட்டிக்கு 18 கிலோ கணக்கு வருமுங்க! சுங்கவரியும் சாமான் விலையோட சரக்குக் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த தொகைக்குத்தான். பைப் வளைச்சு சைலன்சர் கட்டறதுக்கு இங்கயே ஆள் இருக்காங்க.

ஈரோடு_பழையவண்டி:
ட்ரனியன் மட்டும் கட்டாயம் வரவழையுங்க. இடது, வலது மரை வேற வேற, பக்கம் குறிச்சு ஆர்டர் போடுங்க. அதுக்கு முந்தி வெர்டிகல் லிங்கை (ட்ரனியனுக்குள்ள மரையால மாட்டியிருக்கற, சக்கரத்தைத் தாங்கற நிமிர்ந்த தண்டு) கழட்டி மரையைப் பாருங்க. துருக்குழி இருந்தா லிங்கும் சேத்து வாங்கோணும். மாட்டுனப்புறம் 90 நம்பர் கியர் ஆயில்தான் விடோணும். கிரீஸ் அடிச்சா அது இறுகி, தண்ணி தங்கி, மரை துருப்புடிச்சு லிங்கு ஒடியும். ஓட்டத்துலயே சக்கரம் மடிஞ்சுரும்.

திருப்பூர்_ஹெரால்டு:
கப்புங்ண்ணா?

லேத்து_கணபதி:
முன்னால யாராச்சும் வேற சிலிண்டர் மாட்டியிருக்கலாம், அதனால சிலிண்டர் துளையை வெர்னியர்ல அளந்துட்டு கப்பை இங்கயே கேளுங்க. உள்ள குழி விழுந்திருந்தா ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள்குழாய்) போட்டுக்கலாம். பெட்ரோல், டீசல்ல கழுவுனா கப்பு ஊதிப்போகும். பிரேக் ஆயில்ல நனைச்சு மாட்டுங்க.