பக்கத்தகட்டில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்': இந்த இரட்டைக்குழல் துப்பாக்கி எந்த நாட்டுத் தயாரிப்பு?

கேள்வி:
வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி) வைத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, குழல் அளவு 12 போர். பக்கத்தகட்டில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று செதுக்கியிருக்கிறது. குழல் முழுக்கப் பழுப்பு அலைக்கோடு. ஊர்ப் பெயர் எங்கும் இல்லை. இங்கிலாந்தின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனம் செய்ததுதானா?

பதில் 1:
தகட்டுப் பெயரை வைத்து முடிவுகட்டாதீர்கள். புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களைச் சாயல் பிடித்து, பெல்ஜியத்திலிருந்து ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' அதில் பேர்போனது. அலைக்கோடும் சாட்சியில்லை, இரும்பும் எஃகும் முறுக்கி இணைத்துச் செய்த இத்தகைய டமாஸ்கஸ் குழல்கள் பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரத்தில் மலிந்து கிடந்தன.

சோதனைச்சாலை குழலில் குத்திய முத்திரைதான் பேசும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மடக்கிக் குழல்களைத் தூக்கியெடுங்கள். தோட்டா நுழையும் அறைக்கு அடியில் தட்டையான பகுதி இருக்கும், அங்கே பாருங்கள். அழுக்கேறியிருந்தால் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் கூடவே கூடாது, ஆழமில்லாத முத்திரை அதோடு போய்விடும். சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்துப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி., அதன்கீழ் நட்சத்திரம், வளையத்தின் தலையில் கிரீடம். பக்கத்தில் 18.2. வேறு எழுத்தே இல்லை.

பதில் 1:
துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் லியேஜ் சோதனைச்சாலைதான், சந்தேகமே வேண்டாம். கிரீடம் 1893-இல் சேர்ந்தது. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1922-இல் தொடங்கியது. உங்களுடையது இடைப்பட்ட காலம். 18.2 என்பது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். 1904-க்கு முந்தைய இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் துப்பாக்கி என்றால் கிரீடத்தோடு குறுக்கிட்ட செங்கோல்கள் இருந்திருக்கும். செய்த பட்டறையின் பெயர் கிடைப்பது அபூர்வம். தட்டையில் சிறு எழுத்து முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் சோதகருடையது, தயாரிப்பாளருடையது அல்ல.

பதில் 2:
குழல், உடல், முன்கட்டை இரும்பு மூன்றிலும் எண் இருந்தால் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் குழல் மாற்றியது. முத்திரை குழலின் வயதை மட்டும்தான் சொல்லும்.

சிங்கமும் பி.வி. எழுத்தும் கொண்ட லியேஜ் முத்திரை இல்லையே, அப்படியானால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்ததல்ல. அக்காலத்துத் தோட்டா அறைகளின் நீளம் பெரும்பாலும் 65 மி.மீ. இன்றைய 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். டமாஸ்கஸ் குழலில் இரும்பும் எஃகும் இணைந்த ஓரங்களில் உள்ளுக்குள்ளேயே துரு பிடித்திருக்கும், வெளியே தெரியாது. சுட்டுப் பார்க்க வேண்டாம்.