பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பவருக்கு விருது: யாருக்கு, என்ன?

மச்சுவீடு:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு யோசனை ஓடுகிறது. பழைய கட்டடங்களை இடிக்காமல் பராமரிக்கும் உரிமையாளர்களுக்கு வருஷம் ஒரு விருது கொடுக்கலாம் என்று. ஆனால் முதல் கூட்டத்திலேயே சண்டை. பாதிப் பேர் பளபளவென்று புதுப்பித்த வீட்டுக்குத்தான் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்குக் கொடுப்பது?

காரைக்கை:
பளபளப்பைப் பார்த்துக் கொடுத்தால் ஏமாந்து போவீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர்மேல் சிமென்ட் பூசி பெயிண்ட் அடித்தால் கொஞ்ச காலம் அழகாகத்தான் இருக்கும், அப்புறம் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து செங்கல் மாவாகக் கொட்டும். இப்படிப் 'புதுப்பித்த' ஒரு வீட்டில் பூச்சைத் தட்டிப் பார்த்தேன், பொள்ளல் சத்தம். கரண்டியால் நெம்பியதும் பாளம் பாளமாக வந்தது, பின்னால் இருந்த செங்கல் விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. மழைக்கு முன்னால் கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றி, நீர் வடியும் குழாயில் இலை அள்ளுகிறாரே, அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டு வாசல் மங்கலாகத்தான் இருக்கும்.

நிலைக்கதவு:
யுனெஸ்கோ 2000-லிருந்து ஆசிய பசிபிக் பகுதிக்கென்று பாரம்பரியப் பாதுகாப்பு விருது கொடுக்கிறது. வேலை முடிந்த கட்டடம் ஒரு வருஷமாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மழைக்காலம் தாண்டினால் பூச்சு வேலையின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஒழுகல்:
ஷீல்டு கொடுத்தால் கூரை ஒழுகாமல் இருக்குமா? லண்டனில் 1860-களிலிருந்து பிரபலங்கள் வாழ்ந்த வீடுகளில் பலகை பதிக்கிறார்கள், அந்தப் பலகையால் மட்டும் கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் வராது. அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பழைய கட்டடத்தைச் சீரமைத்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும், ஆனால் வருமானம் தரும் கட்டடத்துக்குத்தான், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. கஷ்டப்படுவது என்னவோ குடியிருக்கிறவர்தான். சொத்துவரியில் தள்ளுபடி கேட்டு மனுப் போடுங்கள், வேலைக்கு ஏறி நிற்கக் கட்டும் சாரத்தைச் சங்கமே வாங்கி இரவல் கொடுங்கள்.

இன்னொன்று, உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். பலகை மாட்டினால் நாளைக்கு விற்க முடியாமல் போகுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பங்காளிகள் நாலு பேர் இருக்க, ஒருவர் மட்டும் செலவு செய்கிற வீடுகளில் யார் பெயரைப் போடுவது என்பதும் பெரிய வம்பு.

மச்சுவீடு:
பங்காளி விஷயம் எங்களிடமும் இருக்கிறது, இரண்டு வீடு. சாரம் யோசனை பிடித்திருக்கிறது. அடுத்த கூட்டத்தை மழை முடிந்த பிறகு வைக்கச் சொல்கிறேன்.

காரைக்கை:
சரி. விருது கொடுக்கும்போது கொத்தனார் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.